ஏரி இறுகும்வரை

பால்டன் செத்துப்போன செய்தி தீவுக்கு வந்தபோது படகும் ஓடவில்லை, ஏரியும் உறைந்து இறுகவில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒல்ஹோன் தீவுக்காரர்கள் இப்படி அகப்பட்டுக்கொள்வது வழக்கம்தான். லாரிகளை ஏற்றிவரும் பெரிய படகை எதிர்க்கரையில் கட்டிப் போட்டுவிடுவார்கள். இடையில் கிடக்கும் தண்ணீர், கொதிக்கும் அண்டா மாதிரி ஆவி விட்டுக்கொண்டிருக்கும். மாவும் சர்க்கரையும் இருப்பதை வைத்து ஓட்டிக்கொண்டு, ஏரி எப்போது இறுகும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

டுல்மா மீன் கொட்டகையில் உப்புப் பீப்பாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தபால் ஆபீஸ் சிம்ஜித் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். ஓடிவந்ததில் மூச்சுக்காற்று உறைந்து அவளுடைய கண்ணிமையெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

"டுல்மாக்கா, கொஞ்சம் வெளிய வாங்களேன்."

"இங்கயே சொல்லு. கை ஈரமா இருக்கு, வெளிய வந்தா விறைச்சுப்போகும்."

"அந்தக் கரையிலேருந்து போன் வந்துச்சு. அந்தப் பொம்பளதான் பேசினா. அவரு போயிட்டாராம்."

"எவரு?"

தெரிந்துகொண்டே கேட்கிறாள் என்று சிம்ஜித்துக்குப் புரிந்தது. "பால்டன் அண்ணன்" என்றாள் மெதுவாக.

டுல்மா பீப்பாயைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியவிட்டாள். "எனக்கு எதுக்குச் சொல்ற? அவன் தம்பிகிட்டப் போய்ச் சொல்லு."

"சொல்லியாச்சு. ஆனா உங்ககிட்டச் சொல்லணும்னுதான் அவ அழுத்திச் சொன்னா. இந்த மண்ணுல புதைக்கச் சொல்லிக் கேட்டாராம். ஏரி இறுகினதும் கொண்டுவரேன்னா. கொண்டு வரலாமான்னு கேக்கலக்கா. வரேன்னு சொன்னா, வெச்சுட்டா."

டுல்மா அடுத்த பீப்பாயை உருட்டினாள். அன்று கழுவ வேண்டியது எல்லாவற்றையும் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

டுல்மாவின் புருஷன் பால்டன் அந்தப் பெரிய படகில் எஞ்சின் பார்த்தவன். குளிர்காலத்துக்குப் படகைக் கட்டியதும் ரிப்பேர் வேலைக்காகச் சில வாரம் எதிர்க்கரையிலேயே தங்குவான். அங்கே தைசியா என்ற ரஷ்யக்காரி, புருஷனை இழந்தவள், படகுக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் நம்சல்மா அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. அந்த வருஷம் ஏரி இறுகியது, பனிமேல் பாதை திறந்தது, லாரிகள் வந்தன, பால்டன் வரவில்லை. இன்று வருவான் நாளை வருவான் என்று டுல்மா இருந்தாள். கடைசியில் ஒரு லாரி டிரைவர்தான், முகத்தைப் பார்க்காமல், "அவரு அங்கயே இருந்துக்கிறதாச் சொன்னாரு" என்றான்.

சண்டையில்லை, சச்சரவில்லை. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் அதையாவது நினைத்து நினைத்துத் திட்டியிருக்கலாம். வானம் தெளிவாக இருக்கும் நாளில் இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையின் வீட்டுப் புகை தெரியும். அதில் எது தைசியா வீட்டுப் புகை என்று டுல்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவன் மகளுக்கென்று டிரைவர்களிடம் கொடுத்தனுப்பிய பூட்ஸையும் மிட்டாயையும் அதே டிரைவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அப்படியே வருஷங்கள் ஓடின. நம்சல்மா இப்போது தீவின் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறாள்.

சாயங்காலம் பால்டனின் தம்பி ரின்சின் வந்தான். பருத்த உடம்பு, எந்தக் கதவிலும் பக்கவாட்டில்தான் நுழைவான். வந்தால் ஏதாவது கேலி பேசாமல் உட்காரமாட்டான். அன்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். நம்சல்மா பால் தேநீரை ஊற்றி வைத்தாள். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

"அண்ணி, என்ன செய்யலாம்?"

"அவன் எந்தக் கரைக்குப் போனானோ அந்தக் கரையிலயே படுக்கட்டும்."

"நான் அண்ணனுக்காகக் கேக்கல. அவர் செஞ்சது எனக்கும் ஆறல. ஆனா மேட்டுல எங்கப்பாவுக்குப் பக்கத்துல இடம் காலியாக் கிடக்கு. போகவர அதப் பாத்துக்கிட்டு நான் எப்படி இருக்கறது?"

"கண்ண மூடிக்கிட்டுப் போ."

"அம்மா, நீ ஒண்ணும் வரவேண்டாம்" என்றாள் நம்சல்மா. "நானும் சித்தப்பாவும் போய் அப்பாவக் கூட்டிட்டு வரோம்."

"பொணத்தக் கூட்டிட்டு வராளாம். உசுரோட இருந்தப்பக் கூட்டிட்டு வந்திருக்கலாமே, உனக்குத்தான் கால் இருந்துச்சே."

சொன்ன பிறகு டுல்மாவுக்கே அது குத்தியது. மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ரின்சின் தேநீரைக் குடிக்காமல் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தான். "ஏரி இறுகட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதன் பிறகு டுல்மா தினமும் கரைக்குப் போனாள். யாராவது கேட்டால் தண்ணீர் எடுக்க என்பாள். கையில் வாளியும் இருக்கும். உண்மையில் ஏரியைப் பார்க்கத்தான் போனாள். அது உறைகிற விதத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறாள். ஆனாலும் இந்த வருஷம், அது ஏதோ தன்னைக் கேட்டுக்கொண்டு செய்கிற காரியம் மாதிரி, விடாமல் பார்த்தாள்.

முதலில் கரையோரக் கல்லெல்லாம் கண்ணாடி உறை போட்டுக்கொண்டது. அலை வந்து தெறிக்கத் தெறிக்க அந்த உறை தடித்தது. பிறகு தண்ணீரின் நடை தளர்ந்தது. எண்ணெய் மாதிரி கனத்து, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. ஒருநாள் காலையில் வட்ட வட்டமாகப் பனித்தகடுகள் மிதந்தன. ஒன்றோடொன்று உரசி ஓரம் மடிந்த தகடுகள். அவை மோதும் சத்தம் கரை முழுக்கக் கேட்டது, யாரோ பாத்திரங்களை மெதுவாக அடுக்குவதுபோல. ஆவி குறைந்தது. ஆவி குறைந்ததும் எதிர்க்கரை தெரிந்தது. படகுத்துறைக்குப் பக்கத்தில் கருப்பாக ஒரு புள்ளி நின்றது. அதுவும் தினமும் வந்து நின்றது. டுல்மா திரும்பும்போதும் அது அங்கேயேதான் இருக்கும்.

அவள் தைசியாவை ஒருநாளும் கிட்டத்தில் பார்த்ததில்லை. பார்க்கக்கூடாது என்றே எதிர்க்கரைக்குப் போகாமல் இருந்தவள்.

இன்னும் இரண்டு இராக் குளிரில் தகடுகள் ஒட்டிக்கொண்டன. ஜலசந்தி முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரே பாய் விரித்ததுபோல ஆயிற்று. ரின்சின் கடப்பாரையோடு கொஞ்ச தூரம் போய்க் குத்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். அவன் கையில் பழைய பைனாகுலர் தொங்கியது.

"மூணு விரல் கனம்கூட இல்ல. என் உடம்புக்கு இது ஆகாது, அண்ணி. ஒரு பூனை போகலாம், அதுவும் சாப்பிடாத பூனையா இருக்கணும்."

டுல்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்க்கரைப் புள்ளி அசைவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கரையில் இல்லை. பனிமேல் இருந்தது.

"ரின்சின், அத குடு இங்க."

பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தாள். முதலில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. பிறகு அகப்பட்டது: இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குனிந்து இழுக்கும் ஒரு பெண், பின்னால் ஒரு சறுக்குவண்டி, அதன்மேல் நீளமாகத் தார்ப்பாயில் சுற்றிய ஒன்று.

"பைத்தியம் பிடிச்சிருக்கா அவளுக்கு? இப்பவே கிளம்பிட்டா!"

ரின்சின் பைனாகுலரை வாங்கவில்லை. வடமேற்கு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மலைமுகட்டில் வெள்ளையாக ஒரு மேகம் முறுக்கிக்கொண்டு எழுந்தது. அந்த ஏரிக்கரையில் பிறந்த யாருக்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை. மலையிலிருந்து புயலாகப் பாயும் சர்மா காற்று இறங்கப்போகிறது.

"திரும்பிப் போ!" என்று ரின்சின் கத்தினான். இரண்டு கையையும் தலைக்குமேல் ஆட்டினான். அவ்வளவு தூரம் எந்தக் குரல் போகும்? டுல்மாவும் கத்தினாள். பெயரைச் சொல்லிக் கத்தினாள். அந்தப் பெயர் தன் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

காற்று வந்தது. முதல் அடியிலேயே பனிப்பாயின் நடுவில் கருப்பாக ஒரு கோடு ஓடியது. பிறகு பல கோடுகள். பாளங்கள் எழும்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. டுல்மா கரைப்பாறையில் முட்டியை ஊன்றிக்கொண்டு பைனாகுலரைப் பிடித்திருந்தாள். அந்தப் பெண் திரும்பிவிட்டாள், தன் கரையை நோக்கி ஓடினாள். ஓட்டமில்லை, இழுவை. வண்டி பாளத்தில் சிக்கிக்கொண்டது. பின்பக்கம் தண்ணீர் ஏறியது.

"விடுடி! கயித்த விட்டுட்டு ஓடு!" என்று டுல்மா காற்றுக்குள் கத்தினாள்.

அவள் விடவில்லை. மண்டியிட்டாள், கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டாள், தவழ்ந்தே இழுத்தாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி விடுபட்டது. கரையிலிருந்து இரண்டு ஆண்கள் ஏணியைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. அதற்குள் தூசிப்பனி எழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அன்று முழுக்கக் காற்று அடித்தது. தபால் ஆபீஸ் போனும் செத்துக் கிடந்தது. டுல்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நம்சல்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, "கரையேறிட்டாளான்னு தெரியலடி" என்றாள். மறுநாள் மத்தியானம் காற்று அடங்கியது. சிம்ஜித் தலையில் முக்காடுகூட இல்லாமல் தெருவில் ஓடிவந்து, "கரையேறிட்டாளாம், டுல்மாக்கா! காலு கொஞ்சம் விறைச்சுப்போச்சாம். அவரும் பத்திரமாத்தான் இருக்காராம்" என்று ஜன்னல் வழியே கத்தினாள். செத்தவன் பத்திரமாக இருக்கிறான் என்று சொன்னதை நினைத்து அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏரியில் பழைய பனி ஒரு துண்டும் இல்லை. நீலமாகத் திறந்து கிடந்தது.

டுல்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு ரின்சின் வீட்டுக்குப் போனாள். "மேட்டுல நெருப்புப் போடறதுக்கு விறகு இருக்கா?" என்று வாசலிலேயே கேட்டாள். குளிர்காலத்தில் குழி வெட்ட வேண்டுமென்றால் மண்ணை நெருப்புப் போட்டு இளக்கித்தான் ஆகவேண்டும்.

ரின்சின் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். "இருக்கு அண்ணி. எந்த இடத்துல போட?"

"உங்கப்பா பக்கத்துல. அந்தப்பக்கம் எனக்குன்னு சொல்லி வெச்சிருக்கிற இடத்துக்குக் கிட்ட வராம."

"சரி."

"உங்கப்பாவுக்காகச் சொல்றேன். தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அண்ணி."

அதற்கப்புறம் வந்த குளிர் காற்றில்லாத குளிர். எச்சில் துப்பினால் அந்தரத்திலேயே உறைந்து, தரையில் விழுந்து ணங்கென்றது. ஏரி சத்தம் போடாமல் உறைந்தது. தகடு இல்லை, பாய் இல்லை. ஒரு காலையில் தண்ணீர் அசையாமல் நின்றது. டுல்மா குனிந்து கையை வைத்தாள். அது தண்ணீர் இல்லை. அடியில் கிடந்த கூழாங்கல், பாசி, எல்லாம் அப்படியே தெரிந்தன. வானத்தின் கருநீலம் கீழேயும் இருந்தது. நாள் போகப்போகக் கனம் ஏறியது. ஏறும்போதெல்லாம் எங்கோ ஆழத்தில் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம் புறப்பட்டுக் கரைவரை உருண்டு வரும். வீட்டுக்குள் இருந்தாலும் கேட்கும். கேட்டதும் ரின்சின், "இறுகுது, இறுகுது" என்பான்.

அவன் கடப்பாரையால் குத்தி, "சாப்பிட்ட பூனையும் போகலாம், நானும் போகலாம்" என்று சொன்ன அன்று காலையில் மூவரும் கிளம்பினார்கள். கிளம்புமுன் டுல்மா கரையில் நின்று, ஏரிக்குக் காணிக்கையாகப் பாலை விரல் நுனியால் நாலு திசைக்கும் தெளித்தாள். ரின்சின் முன்னால் குத்திக்கொண்டே போனான். காலுக்குக் கீழே ஏரியின் இருட்டு தெரிந்தது. வெள்ளைக் கீற்றுகள் அதற்குள் மரத்தின் வேர் மாதிரி இறங்கிப் போயின. நம்சல்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எதிரிலிருந்து அந்தக் கருப்புப் புள்ளியும் வந்தது. வண்டியோடு, நொண்டிக்கொண்டு.

நடுவழியில் பனி பிளந்திருந்தது. ஆள் தாண்ட முடியாத அகலத்துக்கு ஒரு வெடிப்பு, கிழக்கிலும் மேற்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஓடியது. நடுவில் கறுத்த தண்ணீர், மெல்லிய ஆவி. அந்தப் பக்கம் தைசியா வந்து நின்றாள்.

"பலகை இல்லாம ஆகாது" என்றான் ரின்சின். "நம்சல்மா, நீ வா, ரெண்டு பேரும் போய்க் கொண்டாந்துடலாம். அண்ணி, நீங்க அசையாம இங்கயே நில்லுங்க."

அவர்கள் போனதும் வெடிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பெண்கள் நின்றார்கள். டுல்மா முதல்முறையாக அந்த முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அவள் மனதில் வைத்துத் திட்டியது வேறு ஏதோ முகம். இது கன்னம் தொங்கிய, உதடு வெடித்த, வயதான முகம். மூக்கு நுனி குளிரில் கறுத்திருந்தது.

"எப்படிப் போனான்?" என்றாள் டுல்மா.

"மூச்சுதாங்க. கோடை முடிஞ்சதுலேருந்தே இருமல். அடுப்புக்கு விறகு போட எந்திரிச்சாரு, திரும்ப உக்காந்தாரு."

"கஷ்டப்பட்டானா?"

"பட்டாரு. இல்லன்னு சொல்லமாட்டேன்."

டுல்மா தார்ப்பாயைப் பார்த்தாள். நன்றாகச் சுற்றி, ஓரமெல்லாம் தைத்திருந்தது. கெட்டித் தையல்.

"அன்னிக்கு அவ்வளவு சீக்கிரம் எதுக்குக் கிளம்பின? அறிவில்ல?"

"கொட்டகையில வெச்சிருந்தேங்க. தெனமும் போய்க் கதவத் தெறந்து பாத்துட்டு வரணும், நாயி நரி வந்துச்சான்னு. முடியல என்னால."

"காத்து வந்தப்பக் கயித்த விட்டிருக்கலாம்ல."

"விட்டிருந்தா உங்களுக்கு என்ன பதில் சொல்றது? கொண்டு வரேன்னு சொல்லிட்டேனே."

கீழே எங்கோ ஏரி ஒருமுறை முனகியது. இரண்டு பேரும் அது அடங்கும்வரை காத்திருந்தார்கள். டுல்மா கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டாள்.

"என்னப் பத்தி ஏதாவது பேசுவானா?"

பொய் சொல்லலாமா என்று தைசியா யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, "இல்லங்க" என்றாள். "ஒரு தடவகூட இல்ல. பொண்ணப் பத்திப் பேசுவாரு. உங்க பேரு வாயில வராது."

வலிக்கும் என்று நினைத்தாள் டுல்மா. வலித்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் இப்படி மூடி மறைக்காமல் ஒரு பேச்சுப் பேசியதில்லை.

"ஒண்ணு மட்டும் உண்டு" என்றாள் தைசியா. "வருஷா வருஷம் ஏரி இறுகற சமயத்துல அவருக்குச் சோறு இறங்காது. துறையில போய் நிப்பாரு. கூப்பிட்டாலும் வரமாட்டாரு. இறுகி முடிஞ்சு லாரி ஓட ஆரம்பிச்சதும் கரைப்பக்கமே போகமாட்டாரு. ஏரி தெரியற ஜன்னலுக்கு முதுகக் காட்டித்தான் உக்காருவாரு. ஏன்னு நான் கேட்டதில்ல."

டுல்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கிடக்கும்வரை வர வழியில்லை. இறுகிய பிறகு என்ன சாக்குச் சொல்வான்?

"கோழைப்பய" என்றாள்.

"ஆமாங்க" என்றாள் தைசியா. அவள் கன்னத்தில் வழிந்தது வழிந்த இடத்திலேயே உறைந்தது. "நல்ல மனுஷன்தான். ஆனா கோழை."

ரின்சினும் நம்சல்மாவும் பலகைகளோடு வந்தார்கள். இரண்டு பலகையைச் சேர்த்து வெடிப்பின்மேல் போட்டார்கள். தைசியா கயிற்றின் நுனியைச் சுருட்டி இந்தப் பக்கம் வீசினாள். ரின்சின் இழுத்தான், நம்சல்மா கூட இழுத்தாள், தைசியா பின்னாலிருந்து தள்ளினாள். பலகை வளைந்து தண்ணீரைத் தொட்டு நிமிர்ந்தது. வண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. நம்சல்மா தார்ப்பாயின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

தைசியா அந்தப் பக்கமே நின்றாள். "சரிங்க. இனி உங்க பொறுப்பு. நான் கிளம்பறேன்."

ரின்சின் பலகையில் கைவைத்தபடி அண்ணியைப் பார்த்தான். "எடுத்துடவா?"

"இரு" என்றாள் டுல்மா. வெடிப்புக்கு அப்பால் பார்த்து, "காலையில டீயாவது குடிச்சியா?" என்றாள்.

"இல்லங்க. இறங்கல."

"அந்தக் காலோட, வெறும் வயித்தோட எங்க போவ? வா. மண்ணுல வைக்கறதையும் பாத்துட்டுப் போ. இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தவ நீதான்."

தைசியா பலகையில் கால் வைக்கத் தயங்கினாள். வண்டியை அத்தனை தூரம் இழுத்தவளுக்கு இந்த ஒரு எட்டு வரவில்லை. டுல்மா கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினாள். கையுறை போட்ட கை வழுக்கும்.

அன்றே மேட்டில் புதைத்தார்கள். நெருப்புப் போட்ட இடத்தில் மண் கருகி, ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ரின்சின் ஊர் வழக்கப்படி குழியைச் சுற்றி வோட்கா தெளித்தான். அண்ணனைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான், சொல்ல வராமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். தைசியா எல்லாருக்கும் பின்னால், ஊர்க்காரர்கள் அவளைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருக்க, தனியாக நின்றாள். நம்சல்மாதான் போய் அவள் பக்கத்தில் நின்றாள். டுல்மா அதைப் பார்த்தாள். ஒருபிடி மண்ணைப் போடும்போது அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அழவில்லை.

வீட்டில் கறிக்கொழுக்கட்டை அவித்தார்கள். தைசியா இரண்டு சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினாள். "ஏன், எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?" என்றாள் டுல்மா. "அப்படியில்லங்க" என்று அவசரமாக இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். அவள் காலுக்கு மீனெண்ணெய் தடவிக் கம்பளியைச் சுற்றிவிட்டது நம்சல்மா. படுக்கும்போது டுல்மா அடுப்பை ஒட்டிய இடத்தை அவளுக்கு விட்டாள்.

காலையில் போகவேண்டும் என்றாள் தைசியா. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை என்றாள். புதுப்பனியில் தனியாக அனுப்ப முடியாது என்று ரின்சின் ஒரு பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். டுல்மாவும் கூட நடந்தாள். ஏன் வருகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

வெடிப்பு இராக் குளிரில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் ரின்சின் பலகையைப் போட்டான். தைசியா தாண்டி அந்தப் பக்கம் போய்த் திரும்பினாள்.

"கோடையில ஒரு தடவ வரலாமாங்க? மேட்டுக்கு?"

"படகு எல்லாருக்கும்தான் ஓடுது" என்றாள் டுல்மா.

தைசியா தலையை ஆட்டினாள். நடந்தாள். இன்று இழுக்க ஒன்றுமில்லை; ஆனாலும் உடம்பு முன்பக்கம் குனிந்தே இருந்தது. அவள் சின்னதாகி, புள்ளியாகி, படகுத்துறையில் ஏறி மறையும்வரை டுல்மா நின்றாள். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டிலிருந்து புகை கிளம்பியது.

திரும்பி வரும் வழியில்தான் அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டே வந்தது. முன்னால் பலகையோடு போய்க்கொண்டிருந்த ரின்சின் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டான்.